களப்பணிக் குழுவுக்கான நடத்தை விதிகள்: மாதிரி வேண்டும்

வணக்கம். வால்பாறையிலும் எல்லைக்கு அப்பால் கேரளத்தின் மலக்கப்பாறையிலும் இந்தத் தென்மேற்குப் பருவமழையில் இரவு நேரத் தவளைக் கணக்கெடுப்பு நடத்தப்போகிறோம். கல்லூரி மாணவிகள், காடர் சமூக வழிகாட்டிகள், ஓட்டுநர் ஆகியோர் சேர்ந்த சிறிய குழு. அட்டைக்கும் யானைக்கும் முன்னேற்பாடு தயார். மனிதர்களால் வரும் தொல்லைக்கு மட்டும் எழுத்தில் எதுவும் இல்லை. அது என்னை உறுத்துகிறது.

2014இல் வெளியான, 666 பேர் பங்கேற்ற ஆய்வு ஒன்றில், ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் களத்தில் பாலியல் துன்புறுத்தலைச் சந்தித்ததாகச் சொன்னார்கள். பெரும்பாலும் மாணவர்களும் பயிற்சி பெறுபவர்களும்தான் பாதிக்கப்பட்டவர்கள்.

பணியிடத்தில் பெண்கள் மீதான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் நம் நாட்டின் 2013ஆம் ஆண்டுச் சட்டம், வேலைக்காகப் போகும் இடத்தையும் வாகனத்தையும் பணியிடமாகவே கருதுகிறது. பத்துப் பேருக்கும் குறைவாக வேலை செய்யும் இடங்களின் புகார்களை விசாரிக்க மாவட்ட உள்ளூர்க் குழு உண்டு. எங்கள் முகாம் கோவை மாவட்டத்தில். சம்பவம் திருச்சூர் மாவட்டத்தில் நடந்தால் எந்தக் குழுவிடம் போவது? சட்டம் அறிந்தவர்கள் விளக்குங்கள்.

தமிழிலும் மலையாளத்திலும் நடத்தை விதிகள் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து பகிருங்கள். குழுத் தலைவர் மீதே புகார் என்றால், செல்பேசி சிக்னல் இல்லாத இடத்தில் மாணவி யாரிடம் சொல்வாள்? அன்றிரவே அவளைப் பத்திரமாக வெளியே கொண்டுவருவது எப்படி? எனக்கு முக்கியமான கேள்வி இதுதான்.

கழிப்பறை நிறுத்தங்களைப் பயணத் திட்டத்திலேயே எழுதப்போகிறேன். "இந்தப் பாதை வேண்டாம்" என்று வழிகாட்டி சொன்னால் கூலி குறையாமல் திரும்பிவிடுவோம் என்பதையும் சேர்க்கிறேன். விடுபட்டதைச் சொல்லுங்கள், குறிப்பாகக் களத்தில் வேலை செய்த பெண்கள்.