பேக்கப் ஓடலைன்னா எப்படி தெரிஞ்சுக்கிறது?

வணக்கம் மக்களே, பினாங்குல ஒரு சின்ன கம்பெனி சர்வரை பார்த்துக்கிறேன். ராத்திரி கிரான்ல (குறிச்ச நேரத்துக்கு வேலையை தானா ஓட்டுறது) ஓடுற மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸ் பேக்கப் ஸ்கிரிப்ட், பழைய ஆள் எழுதி வச்சுட்டு போனது, டம்ப்பை (டேட்டாபேஸோட நகல்) நேரா ஜிஜிப்புக்கு (ஃபைலை சுருக்குற புரோகிராம்) பைப் பண்ணுது, அதனால டேட்டாபேஸ் கனெக்ட் ஆகலைன்னாலும் ஜிஜிப் ஒழுங்கா முடிஞ்சா எக்ஸிட் கோட் 0ன்னு (தப்பில்லாம முடிஞ்சதுன்னு அர்த்தம்) வந்து "பேக்கப் ஓகே"ன்னு மெயில் போயிடுது, பார்த்தா வெறும் 20 பைட் ஃபைல், உள்ள ஒண்ணுமே இல்ல லா!

ஸ்கிரிப்ட் ஓடுற பாஷ்ல பைப்ஃபெயில் ஆன் பண்ணிட்டேன் (பைப்ல எது ஃபெயில் ஆனாலும் தப்புன்னு காட்டும்), டம்ப்போட கடைசி வரியில "டம்ப் கம்ப்ளீட்டட்" இருக்கான்னும் செக் பண்றேன். ஆனா கிரானே ஓடலைன்னா, இல்ல சர்வரே படுத்துட்டா யாரு சொல்வா? வெளியில இருந்து "இன்னும் பேக்கப் வரலை"ன்னு டெலிகிராம்ல கத்துற மாதிரி யாராச்சும் செட் பண்ணியிருக்கீங்களா அண்ணன்மாரே? காசு கட்டாதது இருந்தா நல்லது, பாஸ்கிட்ட பட்ஜெட் கேட்டா தீபாவளி கழியட்டும்னுதான் சொல்வாரு.