கசடுக் கரி: ஈயம் இறங்குது, குரோமியம் இறங்கல

கேள்வி: கழிவுநீர்க் கசடை 105 டிகிரியில் உலர்த்தி, நைட்ரஜன் ஓட்டத்தில் 550 டிகிரியில் 2 மணி நேரம் சுட்ட கரி. உலோகம் கலந்த நீரில் லிட்டருக்கு 2 கிராம் போட்டேன், பிஎச் (அமில-கார அளவு) 6. ஈயம் நல்லா குறையுது. குரோமியம்-6 (குரோமியத்தின் +6 நிலை) அசையவே இல்லை. ஏன்?

பதில் 1: அது குரோமேட், எதிர்மின் அயனி. பிஎச் 6-ல் கரியின் மேற்பரப்பும் பெரும்பாலும் எதிர்மின்தான், தள்ளிவிடும். பிஎச் 2-க்கு இறக்குங்க. ஒட்டும், ஒரு பகுதி எலக்ட்ரான் வாங்கி குரோமியம்-3 ஆக ஒடுங்கி நீரிலேயே நிற்கும். குரோமியம்-6-ஐ மட்டும் காட்டும் நிறச் சோதனையில் ஊதா நிறம் வராததை வெச்சு முடிவு கட்டாதீங்க, மொத்தக் குரோமியத்தையும் அளங்க.

பதில் 2: ஈயக் கணக்கையும் சரிபாருங்க. சாம்பல் மிகுந்த கரி பிஎச்சை ஏத்திடும். குடுவை அடியில் வெள்ளையா படிந்தா அது கரி பிடிச்ச ஈயம் இல்ல, தானே திடமா பிரிந்த வீழ்படிவு. கரி போடாத குடுவை ஒன்றை அதே இறுதி பிஎச்சில் வைங்க.

பதில் 3: பிஎச் 2-ல் கரியிலிருந்தே துத்தநாகம், செம்பு கசியும். அதனால் குரோமியத்துக்கு அமிலத்தில் கழுவிய கரியைத் தனியா வைங்க. ஈயத்துக்கு அதைப் போடாதீங்க, ஈயத்தைப் பிடிக்கிற பாஸ்பேட் கழுவலில் போயிருக்கும்.