டோரிகளின் 14 ஆண்டுகள்: கோவிட்டைச் சொல்லித் தப்பிக்க முடியுமா?

ஹாரோ வாக்காளர்:
பிரிட்டனில் 2010 முதல் 2019 வரை நான்கு பொதுத்தேர்தலிலும் கன்சர்வேட்டிவ் (டோரி) கட்சிக்கே ஓட்டு. அவர்கள் ஆட்சியை இழந்த 2024 ஜூலை 4 தேர்தலில் போடவில்லை. எதிரணியான லேபர் கட்சியின் கொள்கை பிடித்துப்போனதால் அல்ல. குறைந்த வரி, குடியேற்றக் கட்டுப்பாடு, சொந்த வீடு, கட்டுக்கோப்பான கஜானா: இந்த நான்கும் அவர்களே நட்டுவைத்த அளவுகோல். அந்த அளவிலேயே தோற்றார்கள் என்பதுதான் ஆத்திரம். "கோவிட் வந்தது, உக்ரைன் போர் வந்தது, வேறென்ன செய்ய முடியும்" என்கிறார்கள் கட்சிக்காரர்கள். அதில் எவ்வளவு நியாயம் இருக்கிறது? எந்த முடிவு எப்படிப் பிசகியது என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். பொத்தாம்பொதுவாகத் திட்டுவது வேண்டாம்.

கணக்குப்பிள்ளை:
வரியை மட்டும் சொல்கிறேன், மற்றதைத் தெரிந்தவர்கள் சொல்லட்டும்.

2019 தேர்தல் அறிக்கையில் வருமான வரி, நேஷனல் இன்சூரன்ஸ் (சம்பளத்திலிருந்து பிடிக்கும் சமூகக் காப்பீட்டுத் தொகை), வாட் மூன்றின் விகிதமும் ஏறாது என்று எழுதிக் கொடுத்தார்கள். 2022 ஏப்ரலில் நேஷனல் இன்சூரன்ஸ் 1.25 சதவீதப் புள்ளி ஏறியது, நவம்பரில் திரும்பப் பெறப்பட்டது. எல்லோரும் அதைத்தான் பேசுகிறார்கள். உண்மையான வசூல் வேறு வழியாக வந்தது. வரி தொடங்கும் வரம்பு 12,570 பவுண்டு, 40 சதவீத வரி தொடங்கும் வரம்பு 50,270. இரண்டையும் 2021 மார்ச் பட்ஜெட்டில் அப்போதைய நிதியமைச்சர் சுனக் 2026 வரை உறைய வைத்தார். 2022 நவம்பரில் நிதியமைச்சராக இருந்த ஹன்ட் அதை 2028 வரை நீட்டினார். விகிதம் மாறவில்லை, ஆகவே வாக்கை மீறவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் சம்பளப் பட்டியல் வேறு கதை சொல்கிறது.

2021-ல் வருடச் சம்பளம் 30,000 பவுண்டு என்று வையுங்கள். வருமான வரி 3,486. மூன்று வருட விலைவாசிக்கு ஏற்ப 20 சதவீதம் ஏறி 36,000 ஆகிறது. கையில் வாங்கும் சக்தி கூடவில்லை, ஆனால் வரி 4,686. வரம்பும் அதே 20 சதவீதம் ஏறியிருந்தால் 4,183 தான் வந்திருக்கும். சுமார் 500 பவுண்டு சத்தமில்லாமல் போயிற்று.

2024-ல் நேஷனல் இன்சூரன்ஸை 12-லிருந்து 8 சதவீதமாகக் குறைத்தார்களே என்று கேட்பார்கள். சரிதான். அந்த 36,000 சம்பளக்காரருக்கு அதில் 900 பவுண்டுக்கு மேல் மிச்சம். ஆனால் ஓய்வூதியர்கள் நேஷனல் இன்சூரன்ஸ் கட்டுவதே இல்லை. அவர்களுக்கு இந்தக் குறைப்பால் ஒரு பென்னி பயனில்லை, வரம்பு உறைந்த நஷ்டம் மட்டும் முழுதாக விழுந்தது. 2021-ல் முழு அரசு ஓய்வூதியம் வருடத்துக்கு 9,339. வரம்புக்குக் கீழே 3,231 பவுண்டு இடைவெளி இருந்தது. 2024-ல் ஓய்வூதியம் 11,502 ஆகி, இடைவெளி 1,068 ஆகச் சுருங்கியது. மாதம் 100 பவுண்டு சொந்தப் பென்ஷன் வந்தாலே வரி கட்ட வேண்டும். கட்சியின் அடித்தளமே முதியவர்கள்தான். 2024 தேர்தல் நேரத்தில் ஓய்வூதியருக்குத் தனி வரம்பு தருகிறோம் என்றார்கள். செய்தது தவறு என்று அவர்களே ஒப்புக்கொண்டதாகத்தான் அதை நான் எடுத்துக்கொள்கிறேன்.

விசா விவரம்:
குடியேற்றத்தில் கோவிட் சாக்கு செல்லவே செல்லாது. 2010-ல் சொன்னது "சில பத்தாயிரம்". 2019-ல் சொன்னது "மொத்த எண்ணிக்கை குறையும்". 2023 ஜூனுடன் முடிந்த ஓராண்டில் நிகரக் குடியேற்றம் (வந்தவர்களில் வெளியேறியவர்களைக் கழித்தது) 9 லட்சத்தையும் தாண்டியது. அதற்கான சட்டதிட்டத்தை எழுதியது அவர்கள்தான். தகுதிக்குப் புள்ளி போட்டு விசா தரும் 2021 ஜனவரி முறையில் வேலை விசாவின் பொதுச் சம்பள வரம்பை 30,000-லிருந்து 25,600 ஆக்கினார்கள். பட்டப்படிப்பு நிலை வேலையாக இருக்க வேண்டும் என்பதை ஏ லெவல் (பள்ளி இறுதி) அளவுக்கு இறக்கினார்கள். உள்ளூர் ஆளை முதலில் தேட வேண்டும் என்ற விதியை எடுத்தார்கள். 2022 பிப்ரவரியில் பராமரிப்புப் பணியாளர்களையும் சேர்த்தார்கள்.

ஏன்? முதியோர் பராமரிப்புக்கு உள்ளாட்சிக் கவுன்சில்களிடம் போதிய பணம் இல்லை. சம்பளம் உயர்த்தாமல் ஆள் வேண்டும் என்றால் வெளிநாட்டிலிருந்துதான் எடுக்க வேண்டும். பல்கலைக்கழகங்களுக்கும் அதே கதி. உள்நாட்டு மாணவர் கட்டணத்தை 2017-லிருந்து 9,250-லேயே நிறுத்திவிட்டு, குறையும் பணத்தை வெளிநாட்டு மாணவர் கட்டணத்தில் ஈடுகட்ட விட்டார்கள். அரசு கட்ட வேண்டிய பில்லை விசா கட்டியது.

பிறகு பயந்துபோய் ஒரேயடியாகச் சாத்தினார்கள். 2024 மார்ச் 11 முதல் புதிதாக வரும் பராமரிப்புப் பணியாளர் குடும்பத்தை அழைத்து வர முடியாது என்று ஆக்கினார்கள். ஏப்ரலில் கணவன்/மனைவி விசாவுக்கான வருமானம் 18,600-லிருந்து 29,000. குடும்பமே சமூகத்தின் அடிப்படை என்று மேடைக்கு மேடை பேசும் கட்சி செய்த வேலை இது.

எதிர்க்கரை:
கொஞ்சம் நிதானமாகப் பேசுவோம், நண்பர்களே. கோவிட் காலத்தில் வேலை நின்றவர்களின் சம்பளத்தில் பெரும்பங்கை அரசே கொடுத்த ஃபர்லோ திட்டத்துக்கு மட்டும் 70 பில்லியன் பவுண்டு செலவு. அதைக் கொடுக்காதே என்று அப்போது யாரும் சொல்லவில்லை. 2022 குளிரில் மின்சார, கேஸ் பில்லுக்கும் அரசு கை கொடுத்தது. அந்தக் கடனை யாராவது அடைத்தாக வேண்டும். லேபர் இருந்திருந்தாலும் வரி ஏறியிருக்கும். இதையும் கணக்கில் வையுங்கள்.

கணக்குப்பிள்ளை:
@எதிர்க்கரை, ஃபர்லோவை நானும் குறை சொல்லவில்லை. ஆனால் 2022 செப்டம்பர் 23 மினி பட்ஜெட்டுக்குக் கோவிட்டா காரணம்? அப்போதைய பிரதமர் ட்ரஸ், நிதியமைச்சர் க்வார்டெங் இருவரும் பணம் எங்கிருந்து வரும் என்று சொல்லாமல் 45 பில்லியன் வரிக்குறைப்பை அறிவித்தார்கள். அரசின் நிதிநிலையைச் சுதந்திரமாகக் கணிக்கும் பட்ஜெட் பொறுப்பு அலுவலகத்தின் கணிப்பையும் வெளியிடவில்லை. அரசுப் பத்திரங்களின் விலை சரிந்தது. அந்தப் பத்திரங்களை ஈடு வைத்திருந்த ஓய்வூதிய நிதிகளிடம் மேலும் பணம் கட்டு என்று கடன் கொடுத்தவர்கள் நெருக்கினார்கள். பணத்துக்காக அவை பத்திரங்களையே விற்க, விலை இன்னும் விழுந்தது. ஐந்தாம் நாள் மத்திய வங்கியான இங்கிலாந்து வங்கி, 65 பில்லியன் வரை நாங்கள் வாங்குகிறோம் என்று இறங்கி நிறுத்த வேண்டியதாயிற்று.

வட்டி உலகெங்கும் ஏறிக்கொண்டிருந்தது உண்மை. ஆனால் அக்டோபரில் இரண்டு வருட நிலைவட்டி மார்ட்கேஜின் (வீட்டுக்கடன்) சராசரி 6 சதவீதத்தைத் தாண்டியதில் இந்த வாரத்துக்குப் பெரிய பங்கு உண்டு. 2 லட்சம் கடன், 25 வருடம்: 2 சதவீதத்தில் மாதத் தவணை 848, 6 சதவீதத்தில் 1,289.

ட்ரஸைத் தேர்ந்தெடுத்தது யார் என்பதையும் பாருங்கள். எம்.பி.க்களின் கடைசிச் சுற்றில் சுனக் 137, ட்ரஸ் 113. கட்சி உறுப்பினர்களின் 81,326 ஓட்டில் அவர் பிரதமரானார்.

ஹாரோ வாக்காளர்:
மிக்க நன்றி. ஓய்வூதியர் கணக்கு யோசித்தே பார்க்காத கோணம். சொந்த வீட்டுக் கணக்கு என்ன ஆயிற்று?

செங்கல் சுண்ணாம்பு:
வருடம் 3 லட்சம் வீடு என்பது இலக்கு. ஓராண்டுகூட எட்டவில்லை. அவர்கள் தொகுதிகளில் பெரும்பாலும் ஏற்கெனவே வீடு வைத்திருப்பவர்களே ஓட்டாளர்கள், பக்கத்து வயலில் கட்டடம் வந்தால் எதிர்ப்பார்கள். 2022 டிசம்பரில் சொந்த எம்.பி.க்கள் போர்க்கொடி தூக்கியதும், கவுன்சில்களுக்கான கட்டாய இலக்கை வீட்டுவசதி அமைச்சராக இருந்த கோவ் வெறும் ஆலோசனையாக மாற்றினார். வீடு வைத்திருப்பவரைக் காப்பாற்றப் போய், வாங்க நினைத்த 35 வயதுக்காரரைக் கைவிட்டார்கள். நாடாளுமன்றத்தில் 2019-ல் 365 இடம், 2024-ல் 121.