இசைப் போட்டிக்கு வாக்கு முறை: கணக்குத் தெரிந்தவர்கள் உதவுங்கள்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட இளம் இசையமைப்பாளர்களுக்கான ஆன்லைன் போட்டி. 40 மெட்டுகள், ஒவ்வொன்றும் 3 நிமிடம். லிங்க்கைப் பொதுவில் விட்டால் வாட்ஸ்அப்பில் சொந்தக்காரர் அதிகம் உள்ளவர்தான் ஜெயிப்பார், மெட்டு ஜெயிக்காது. நட்சத்திர மதிப்பெண்ணும் உதவாது: ஒருவர் எல்லாவற்றுக்கும் 5 போடுவார், போட்டியாளர் எதிரிக்கு 1 போடுவார்.

இப்போதைய திட்டம் இது. போட்டியாளர்களே நடுவர்கள். ஆளுக்கு 8 மெட்டுகள், பெயர் மறைத்து, தன்னுடையது இல்லாமல், வரிசை கலைத்து. மொத்தம் 24 நிமிடம்; 40 மெட்டையும் கேட்கச் சொன்னால் 2 மணி நேரம், பாதியிலேயே ஓடிவிடுவார்கள். கேட்ட எட்டையும் தரவரிசைப்படுத்தணும்: முதலிடத்துக்கு 7 புள்ளி, கடைசிக்கு 0. ஒவ்வொரு மெட்டுக்கும் 8 பேரின் புள்ளிகள் வரும். மிக உயர்ந்ததையும் மிகத் தாழ்ந்ததையும் நீக்கிக் கூட்டினால் உச்சம் 42. வாக்களிக்காதவரின் மெட்டு நீக்கப்படும். கொஞ்சம் கடுமைதான், ஆனால் இல்லாவிட்டால் கணக்கே உதைக்கும்.

சத்த அளவையும் கவனிக்கணும். பம்பை அதிர்கிற மெட்டு, புல்லாங்குழல் மெட்டைவிட 'நன்றாக' இருப்பதாகக் காது ஏமாறும். அதனால் எல்லாவற்றையும் மைனஸ் 16 எல்.யு.எஃப்.எஸ்.-க்கு (காதுக்குக் கேட்கும் சத்தத்தின் அளவீடு) சமப்படுத்துகிறோம்.

சிக்கல் இங்கே: ஒரு நல்ல மெட்டு பலமான மெட்டுகள் நிறைந்த எட்டு மெட்டுத் தொகுப்புகளிலேயே மாட்டினால் புள்ளி குறையும். இரண்டாம் சுற்றில் முதல் 8 மெட்டுகளை மட்டும் எல்லோரும் தரவரிசைப்படுத்தினால் போதுமா? அல்லது எந்த இரண்டு மெட்டுகளும் சம தடவை மோதும்படி தொகுப்புகளைப் பிரிக்க வழி உண்டா? எக்செல்லில் செய்ய முடிகிற முறையாக இருந்தால் நல்லது.