புதுப்பிப்பு: வேட்டங்குடி நத்தைகுத்தி நாரைகள்

சிவகங்கை மாவட்டத்தில் உள்ள வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்தின் கண்மாய்க் கருவேல மரங்களில் நத்தைகுத்தி நாரைகளின் குஞ்சுகள் எத்தனை தப்பிப் பிழைக்கின்றன என்று எப்படிக் கணக்கிடுவது என இங்கே கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. மேஃபீல்டு முறையைப் பார்க்கச் சொன்னவருக்குத் தனி நன்றி.

1961இல் அமெரிக்கப் பறவை ஆய்வாளர் ஹெரால்டு மேஃபீல்டு சொன்னது எளிமையான விஷயம்தான். ஆரம்பத்திலேயே அழிந்துபோன கூடுகள் நம் கண்ணில் படுவதே இல்லை. அதனால் பார்த்த கூடுகளை மட்டும் எண்ணினால் வெற்றி விகிதம் கூடுதலாகத் தெரியும். கூடுகளுக்குப் பதிலாக, அவற்றைக் கவனித்த நாட்களை எண்ண வேண்டும். அழிந்த கூடுகளின் எண்ணிக்கையை அந்த மொத்த நாட்களால் வகுத்தால், ஒரு கூடு ஒரு நாளில் அழியும் வாய்ப்பு கிடைக்கும். ஒரு கூடு ஒரு நாளைத் தாண்டும் வாய்ப்பு 98 சதவீதம் என்று வையுங்கள். நல்லாத்தானே இருக்கு என்று தோன்றும். ஆனால் அடைகாப்பதும் குஞ்சு வளர்ப்பதுமாகச் சுமார் 60 நாள் ஓட வேண்டும். 0.98-ஐ 60 தடவை பெருக்கினால் கடைசியில் மிஞ்சுவது சுமார் 30 சதவீதம்தான்!

அப்புறம், குஞ்சை அடையாளம் காண ஒரு வழி: வளர்ந்த பறவையின் அலகு நடுவில் இடைவெளி விட்டு நிற்கும், குஞ்சுக்கு அது இருக்காது. கரையிலிருந்து தொலைநோக்கியில் பார்த்தாலே போதும். உச்சி வெயிலில் தாயோ தந்தையோ இறக்கையை விரித்துக் குஞ்சுகளுக்கு நிழல் தரும். அந்த நேரத்தில் கூட்டருகே போய் அதை எழுப்பிவிடாதீர்கள்.

பறவைகளுக்காகத் தீபாவளிக்கே பட்டாசு வெடிக்காத ஊர் இது. நாமும் கரையிலேயே நின்று எண்ணுவோம். கூடுகளைக் கவனித்த நாட்களைக் குறித்துவைக்கும் குறிப்பேட்டின் மாதிரிப் படிவத்தை அடுத்துப் போடுகிறேன்.