காலம் போனால் காணியும் போகுமா? இயற்கைச் சட்டமும் தனியார் சட்டமும்

(மூவரின் எழுத்து உரையாடல்; ஒவ்வொருவரும் தம் ஊர் அல்லது வீதியின் பெயரைப் புனைபெயராகக் கொண்டு எழுதுகிறார்.)

நிலாவெளி வளவு:

எங்கள் அப்பப்பாவின் வளவு நிலாவெளியில் உள்ளது. ஒரே உறுதியில் (காணிப் பத்திரத்தில்) அப்பாவுக்குப் பாதி, சித்தப்பாவுக்குப் பாதி. 1990இல் சண்டை மீண்டும் மூண்டபோது நாங்கள் வவுனியாவுக்குப் போனோம். சித்தப்பா குடும்பம் வள்ளமேறி இராமேசுவரம் போய், மண்டபம் முகாமில் தங்கியது. 2010இல் நான் திரும்பி வந்து பார்த்தபோது, வேறோர் ஊரிலிருந்து எங்களைப் போலவே இடம்பெயர்ந்த ஒரு குடும்பம் அங்கே கல்வீடு கட்டி, கிணறு வெட்டி, தாங்கள் வைத்த தென்னைகளில் காய் பறித்துக்கொண்டிருந்தது. பதினைந்து வருடமாக இருக்கிறோம், இனி இது எங்கள் காணி என்றார்கள்.

அவர்கள் சொன்னதற்குச் சட்டத்தில் இடமிருந்தது. இலங்கையின் 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்க ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டத்தின் 3ஆம் பிரிவின்படி, தனியார் காணியொன்றைப் பத்து வருடங்கள் இடையூறின்றியும் தொடர்ச்சியாகவும் உரிமையாளருக்கு எதிரான நிலையில் ஆண்டுவந்தவர் அதற்கு உரித்துடையவராகலாம். நான் இங்கே கேட்க விரும்புவது இதுதான்: ஒருவருடைய பொருள், அவர் விற்காமலும் கொடுக்காமலும், ஆண்டுகள் கழிந்த ஒரே காரணத்தால் இன்னொருவருடையதாவது எந்த நியாயத்தின்மேல் நிற்கிறது?

இதற்கு விடை தேடியவர்களில் ஹியூகோ குரோசியஸ் என்ற ஒல்லாந்துச் சட்ட அறிஞர் நமக்கு அந்நியர் அல்லர். லூவெஸ்டைன் கோட்டைச் சிறையில் இருந்தபடி அவர் எழுதிய ஒல்லாந்துச் சட்ட அறிமுக நூல் 1631இல் வெளிவந்தது. ஒல்லாந்தர் விட்டுச்சென்ற சட்டத்தை 1799ஆம் ஆண்டுப் பிரகடனத்தால் ஆங்கிலேயர் தொடரவிட்டதனால் நம் நீதிமன்றங்கள் இன்றும் அவரை மேற்கோள் காட்டுகின்றன. அதே மனிதர்தான் 1625இல் போரும் சமாதானமும் பற்றிய நூலில், எழுதப்படாமலே மனித அறிவு நியாயமெனக் காணும் இயற்கைச் சட்டத்தை விரித்தெழுதியவர். நெடுங்காலம் பேசாதிருந்த உரிமையாளர் தன் பொருளைக் கைவிட்டார் என்று கொள்ளலாம். ஆனால் அந்த மௌனம் அறிந்தும் தன் விருப்பத்தோடும் காத்த மௌனமாக இருக்கவேண்டும் என்பது அங்கே அவர் வைக்கும் நிபந்தனை. துவக்குச் சத்தத்துக்குப் பயந்து ஓடியவனின் மௌனம் கைவிடுதல் ஆகாது. ஆகவே சொத்து, ஒப்பந்தம் போன்று தனிமனிதரிடையேயான விடயங்களை ஆளும் தனியார் சட்டத்தின் விதி இயற்கைச் சட்டத்தின் காரணத்தில் வேரூன்றியிருக்கிறது என்றும், காரணம் இல்லாத இடத்தில் விதிக்கும் வலுவில்லை என்றும் நான் நினைக்கிறேன்.

உட்துறைமுக வீதி:

தம்பி, உங்கள் இழப்பைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வராது. ஆனால் உறுதிகளைப் பரிசோதிப்பதையே பல வருடத் தொழிலாகக் கொண்டவன் என்ற முறையில் உங்கள் வாதத்தை என்னால் ஏற்க முடியவில்லை.

முதலாவது, இந்த விதியைப் பறிகொடுத்தவரின் பக்கத்திலிருந்து மட்டும் பார்க்கிறீர்கள். என்னிடம் வருபவர்களில் பெரும்பாலானோர் வேறு வகையினர். பாட்டன் வாய்ப்பேச்சில் வாங்கிய காணி, எரிந்துபோன உறுதி, பெயர் மாற்றாமலே மூன்று தலைமுறை கடந்த முதுசம் என்று வருகிறார்கள். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி நொத்தாரிசு முன்னிலையில் எழுதாத காணி விற்பனை செல்லாது. அப்படியானால் அந்த ஏழைக்கு இருக்கும் ஒரே ஆதாரம் அவன் அங்கே இருந்தான் என்பதுதான். நீங்கள் சந்தேகிக்கும் இந்தப் பத்து வருட விதியே அவனுடைய உறுதி. மனிதர் நிம்மதியாகச் சேர்ந்து வாழ்வதற்கு ஆட்சி நிலைத்திருக்க வேண்டும், அதற்காகவே நாம் இத்தகைய விதிகளை உருவாக்கிக்கொண்டோம் என்று ஸ்கொட்லாந்து மெய்யியலாளர் டேவிட் ஹியூம் 1740இல் எழுதினார். எனக்கு அந்த விளக்கமே போதுமானது.

இரண்டாவது, ஒல்லாந்தில் இந்தக் காலம் ஒரு நூற்றாண்டின் மூன்றிலொரு பங்கு. இங்கே பத்து வருடம். இயற்கை இவற்றில் எதைச் சொன்னது?

மூன்றாவது, அதே கட்டளைச் சட்டத்தின் 13ஆம் பிரிவைப் பாருங்கள். சிறுபராயம், சித்தசுவாதீனமின்மை போன்றவற்றோடு கடலுக்கு அப்பால் இருத்தலும் காலத்தை நிறுத்தும் காரணமாகக் கூறப்பட்டுள்ளது. மண்டபத்தில் இருந்த உங்கள் சித்தப்பா அதற்குள் வரக்கூடும். வவுனியாவில் இருந்த உங்கள் அப்பா வரமாட்டார். ஒரே உறுதி, ஒரே ஓட்டம், ஒரே பயம், ஆனால் இரண்டு முடிவுகள். இயற்கைச் சட்டம் உண்மையில் அடியில் இருந்திருந்தால் இந்த வேறுபாட்டை அது ஏன் திருத்தவில்லை? திருத்தியது பாராளுமன்றம். 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தை, யுத்தத்தால் உரிமையைக் கோர முடியாதிருந்தவர்களுக்கு எதிராகக் கணக்கிடக்கூடாது என்றது. உங்களுக்கு வழி திறந்தது அந்தச் சட்டம், குரோசியஸ் அல்லர்.

தம்பலகாமம் மாணவி:

ஐயா, பத்தா முப்பத்துமூன்றா என்ற உங்கள் கேள்விக்குக் கிறித்தவ இறையியலாளர் தோமஸ் அக்குவைனஸ் ஏறத்தாழ 750 வருடங்களுக்கு முன்பே ஒரு விடை தந்திருக்கிறார். சில மனிதச் சட்டங்கள் இயற்கைச் சட்டத்திலிருந்து முடிவாகப் பெறப்படுகின்றன; வேறு சில, வீடு வேண்டும் என்பது தெரிந்த கொத்தனார் அதன் அளவையும் அமைப்பையும் தானே தீர்மானிப்பதைப் போல, சட்டமியற்றுபவரின் தீர்மானத்துக்கு விடப்படுகின்றன. எத்தனை வருடம் என்பது இரண்டாவது வகை. ஆகவே எண்ணிக்கை ஊருக்கு ஊர் வேறுபடுவது உங்கள் முடிவை நிறுவாது.

ஆனால் நிலாவெளி அண்ணாவிடமும் எனக்கு ஒரு கேள்வி உண்டு. பிறருக்கு நட்டமும் அநீதியும் விளைவித்து ஒருவர் செல்வம் பெருக்குவது இயற்கைச் சட்டப்படி நியாயமன்று என்று பொம்போனியஸ் என்ற உரோமச் சட்ட அறிஞர் எழுதிய வாக்கியம் உரோமப் பேரரசர் யுஸ்தினியானின் சட்டத் தொகுப்பில் இருக்கிறது. தனியார் சட்டம் இயற்கைச் சட்டத்தின் பெயரை வெளிப்படையாகவே சொல்லும் இடங்களில் அது ஒன்று. வளவு உங்களுக்குத் திரும்பக் கிடைத்தால், அந்தக் குடும்பம் வெட்டிய கிணற்றுத் தண்ணீரைக் குடிக்கப்போவது யார்?

உட்துறைமுக வீதி:

மகள், நல்ல கேள்வி. ஒல்லாந்தர் விட்டுச்சென்ற அந்த உரோமன் டச்சுச் சட்டத்தில், தன்னுடையதென்று நம்பி ஆண்டுவந்தவர் செய்த பயனுள்ள திருத்தங்களுக்கு இழப்பீடு உண்டு, அது கிடைக்கும்வரை காணியை வைத்திருக்கும் உரிமையும் உண்டு. பிறருடையதென்று தெரிந்தே குடியிருந்தவருக்கு அந்த நிலை கிடையாது. அந்தக் குடும்பம் இரண்டாவது வகையில் அடங்கும் என்றே அஞ்சுகிறேன். சட்டம் அந்த இடத்தில் கோடு கீறி நிற்கிறது. அதற்கப்பால் போக நீதிபதியால் முடியாது.

நிலாவெளி வளவு:

தங்கையின் கேள்வி என்னை இரண்டு நாட்கள் பேசாமல் இருக்க வைத்தது. ஐயா சொன்ன ஏழையின் கதையையும் நான் இதுவரை எண்ணிப் பார்க்கவில்லை. அந்த விதியே கூடாது என்ற தொனியில் எழுதியிருந்தால் அதை விலக்கிக்கொள்கிறேன்.

ஆயினும் ஒன்றில் நான் மாறவில்லை. 2016இல் பாராளுமன்றம் ஏன் அந்தச் சட்டத்தை இயற்றியது? வழக்குத் தொடர இயலாதவனுக்கு எதிராகக் காலம் ஓடாது என்பது பழைய சட்ட அறிஞர்களின் முதுமொழி. 1871இல் சட்டம் எழுதியவர்களுக்கு வர இயலாமை என்றால் கடல் கடந்திருப்பதுதான் கண்ணில் பட்டது. சோதனைச் சாவடிகளுக்கும் செல் வீச்சுக்கும் நடுவில், இதே தீவுக்குள் வர முடியாமல் இருப்பது அவர்களுக்குத் தெரியாது. 13ஆம் பிரிவையும் புதிய சட்டத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் இரண்டுக்கும் ஒரே காரணம்தான் தெரிகிறது. சித்தப்பாவுக்கும் அப்பாவுக்கும் இடையிலான வேறுபாடு அநியாயம் என்று ஐயா நீங்களே காட்டினீர்கள். சட்டம் சொன்னதே நியாயத்தின் எல்லை என்றால், அதை அநியாயமென்று காண உங்களுக்கு எந்த அளவுகோல் உதவியது?

நாங்கள் 2017இல் மாவட்ட நீதிமன்றில் வழக்குத் தாக்கல் செய்தோம். அது இன்னும் நடக்கிறது. தீர்ப்பு எங்கள் பக்கம் வந்தால் கிணற்றுக்கும் தென்னைகளுக்கும் மதிப்பீட்டுப்படி பணம் கொடுப்பதென்று நானும் சித்தப்பாவும் நேற்றுத் தொலைபேசியில் பேசி முடிவெடுத்தோம். அவர்களும் போக்கிடமின்றி வந்தவர்கள். சட்டம் கேட்கவில்லை என்பதால் அந்தக் கடன் இல்லாமல் போகாது.

உட்துறைமுக வீதி:

அளவுகோல் பற்றிய கேள்விக்கு என்னிடம் முழு விடை இல்லை, தம்பி; மனிதர் தங்கள் விதிகளைத் தங்கள் தேவைகொண்டே அளக்கிறார்கள் என்பதற்கு மேல் போக நான் இன்னும் ஆயத்தமாக இல்லை. ஆனால் உங்கள் முடிவு பற்றித் தொழில் முறையில் ஒன்று சொல்லலாம். ஆங்கிலச் சட்டத்தில் பதிலுக்கு எதையும் பெறாமல், அதாவது கைம்மாறு இல்லாமல் கொடுத்த வாக்குறுதி பொதுவாகச் செல்லாது. இங்கே அப்படியல்ல. ஜயவிக்ரம எதிர் அமரசூரிய வழக்கில் 1918இல், அன்று நமது இறுதி மேல்முறையீட்டு மன்றமாக இலண்டனில் இருந்த கோமறைக் கழகம், ஒழுக்கக் கடமையை நிறைவேற்றத் தீர யோசித்துக் கொடுத்த வாக்குறுதிக்கு அக்கடமையே போதுமான காரணம் என்று ஏற்றுக்கொண்டது. ஆகவே தொலைபேசிப் பேச்சோடு விடாமல் எழுத்தில் வையுங்கள். எழுதிக் கையொப்பமிட்ட பின் அந்தக் குடும்பம் அதனை நீதிமன்றில் கேட்டுப் பெறலாம்.

நிலாவெளி வளவு:

தெரிந்தே எழுதுகிறோம், ஐயா. சித்தப்பாவின் கையொப்பம் தபாலில் வரவேண்டும். வந்ததும் நொத்தாரிசிடம் போவோம். மதிப்பீட்டாளரைத் தெரிவுசெய்யும் பொறுப்பை அந்தக் குடும்பத்துக்கே விடலாமா என்பதை மட்டும் சொல்லுங்கள்.