பொருள்வாரியாக அடுக்கினால் தசம எண்ணை என்ன செய்வது?

வணக்கம். குறிப்பிட்ட நூலைத் தேடி வராமல் பொதுவாகப் பார்வையிட வரும் வாசகர்களுக்கும் எளிதாக இருக்கும்படி, ஒரு பொது நூலகத்தின் அடுக்குகளை மாற்றியமைக்கும் பொறுப்பு எனக்குத் தரப்பட்டுள்ளது. நூல்களுக்கு அறிவுத்துறை வாரியாக எண் தந்து அந்த வரிசையில் அடுக்கும், 1876இல் வெளியான டூயி தசமப் பகுப்பு முறையையே இப்போது பின்பற்றுகிறோம். அதில் பயண வழிகாட்டிகள் 910களிலும், செல்லும் நாட்டின் மொழியைக் கற்கும் நூல்கள் 400களிலும் இருப்பதால், பயணம் புறப்படும் ஒருவர் இரு மூலைகளுக்கும் அலைய நேர்கிறது. (கணினிப் பட்டியல் இருக்கிறதே என்பவர்கள், அதை எத்தனை பேர் திறந்து பார்க்கிறார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும்.)

பயணம், சமையல், உடல்நலம் எனப் பகுதிகள் அமைத்து, அவற்றுக்குள் பழைய எண் வரிசையையே வைத்துக்கொள்ள எண்ணுகிறேன்; நூலின் முதுகில் உள்ள எண்ணை மாற்றாமல், அதன்மேல் ஒரு வண்ணப் பட்டை ஒட்டினால் போதும் என்பது என் கணிப்பு. ஆனால், யோகாசன நூலை உடல்நலத்தில் வைப்பதா, ஆன்மிகத்தில் வைப்பதா என்பது போன்ற ஐயங்களுக்கு, ஏற்கெனவே இவ்வாறு மாற்றியமைத்த நூலகர்களாகிய நீங்கள் என்ன விதி வகுத்தீர்கள்? திரும்பி வரும் நூல்களை அடுக்கும் பணியாளர்களுக்கு வேலை கூடியதா? நாவல்களைத் துப்பறிதல், வரலாறு என வகை பிரித்தவர்கள், ஒரே எழுத்தாளரின் நூல்கள் சிதறுவதை எவ்வாறு கையாண்டீர்கள் என்பதையும் தெரிவிக்குமாறு வேண்டுகிறேன்.